மூடிய சிப்பியும் தகரப் பெட்டியும்

தூத்துக்குடி நகரத்தின் வடபால், வல்லங்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் திரேஸ்புரத்துக் கரையில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்க்கு, சங்கு குளிக்கச் செல்வோர் தம் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவதும், ஐஸ் பெட்டிகளைச் சுமந்து பெண்கள் விரைவதும், தென்திசையில் துறைமுகத்தை அடுத்த அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நெடிதுயர்ந்து நிற்பதும் ஒரே காட்சியாகத் தென்படும். கடலுக்குள் இருந்து எடுக்கும் பொருளுக்கும் நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் ஒன்று உண்டு என்பது, அந்தக் கரைக்கு அருகே ஒரு சிறிய பழுதுபார்க்கும் அறையில் இரண்டு மாலைப் பொழுதுகளைக் கழித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாணவன் ஒருவனுடைய கணினிக்காக வாங்கிய மலிவான மின்வழங்கியை, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லப்படும் அந்தத் தகரப் பெட்டியை, சோதித்துப் பார்ப்பதற்காக நான் அங்கே சென்றிருந்தேன். ஆயினும், வாங்குவதற்கு முன் சோதிப்பது என்னும் வழக்கம் அந்தக் கடற்கரைக்கு எத்தனை பழமையானது என்பதைச் சொல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

முத்து விளையும் சிப்பி மூடிய பொருள். அதன் புறத்தோற்றத்தைக் கொண்டு உள்ளே முத்து உண்டா இல்லையா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நூறு சிப்பிகளைத் திறந்தாலும் ஒரு நல்ல முத்துக்கூடக் கிடைக்காமல் போவது சாதாரணம். அப்படியிருந்தும், பாண்டியர்களின் துறைமுகமாகக் கொற்கை விளங்கிய காலத்திலிருந்து, 16 ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுக்கீசியர், 1658 இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1825 இல் அதை நிலையாகப் பெற்றுக்கொண்ட ஆங்கிலேயர் ஆகிய எல்லோருடைய ஆட்சியிலும், இந்த மூடிய பொருள் பெருந்தொகைக்குக் கைமாறியே வந்தது. ஆங்கிலேயர் காலத்து ஏற்பாட்டின்படி, நாள்தோறும் கரைக்கு வந்து சேர்ந்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கும் படகுக்காரர்களுக்கும் போக, எஞ்சிய இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு உரியதாகி, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. ஏலம் கேட்ட வியாபாரி தான் வாங்கிய ஆயிரத்தைத் திறந்து பார்த்துவிட்டு விலை சொல்லவில்லை. விலை சொல்லிப் பணம் கட்டிய பிறகே திறந்து பார்த்தான்.

குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பி இவ்வளவு பெரிய வியாபாரம் நூற்றாண்டுகளாக நடந்திருக்க முடியாது என்பது சற்றுச் சிந்திப்பவர்க்குத் தெரியும். அதைத் தாங்கி நின்ற தூண் ஒன்று உண்டு. அதற்கு மாதிரி பார்த்தல் என்று பெயர். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்பது இந்தக் கரையின் வழக்கு. முத்துக் குளிப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பாக, அனுபவம் மிக்க குளியாட்களும் அவர்களை மேற்பார்க்கும் அதிகாரிகளும் பார்களுக்குச் சென்று, ஒரே இடத்தில் அல்லாமல் திட்டின் பல பாகங்களிலிருந்தும் சிப்பிகளை எடுத்துவருவார்கள். அவற்றை எண்ணிக் கணக்கிட்டுத் தொட்டிகளில் இட்டு அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு கடல்நீரால் பன்முறை அலசி, அடியில் தங்கும் மணலையும் சிப்பித் துகள்களையும் நுணுக்கமாகத் துழாவி, முத்துக்களைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தின் நடுவே பல நாள் இருந்து வேலை செய்வது எளிய காரியம் அன்று. பொறுக்கிய முத்துக்கள், 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று எண்ணால் பெயர் பெற்ற பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிக்கப்பட்டுப் பருமனால் பிரிக்கப்படும். பிறகு உருட்சி, நிறம், ஒளி ஆகியவற்றால் ஆணி முதல் தூள் வரையில் தரம் வகுக்கப்பட்டு, கழஞ்சு மஞ்சாடிக் கணக்கில் நிறுக்கப்பட்டு, முத்து வியாபாரத்தில் தேர்ந்தவர்களால் மதிப்பிடப்படும். இத்தனைக்கும் முடிவாகக் கிடைப்பது ஒரே ஓர் எண்: ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்.

அந்த எண் திருப்தி தராவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. சிப்பி இளையதாயிருந்தால் முத்துக்கள் சிறுத்திருக்கும். இன்னும் ஓராண்டு விட்டுவைக்கலாம் என்று அதிகாரிகள் நினைப்பார்கள். ஆனால் விட்டுவைத்த காலத்தில் திருக்கையும் கிளாத்தியும் கூட்டமாக வந்து திட்டையே தின்று தீர்த்துவிடுவதும் உண்டு. வயது முதிர்ந்த சிப்பி தானாகவே மடிந்துபோவதும் உண்டு. ஆதலால், இன்று எடுப்பதா, நாளைக்குப் பொறுப்பதா என்னும் முடிவு முழுவதும் மாதிரியின் உண்மையைச் சார்ந்திருந்தது. 1905 இல் மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், உயிரியல் அறிந்தவராதலால், சிப்பியின் வயதையும் வளர்ச்சியையும் பார்களின் இயல்பையும் ஆராய்ந்து எழுதினார். எனினும் அவருக்கு வெகு காலம் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத குளியாட்கள் கையில் எடுத்த சிப்பியின் கனத்தையும் ஓட்டின் தடிப்பையும் கொண்டு அதன் வயதைச் சொல்லி வந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. மாதிரியில் கண்ட மதிப்பு அறிவிப்பாக வெளியிடப்பட்டு, தூர தேசங்களிலிருந்து வந்த வியாபாரிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏலத்துக்கு நின்றார்கள். முதல் நாள் வாங்கிய சிப்பியைத் திறந்த பிறகு, அறிவித்த மதிப்பும் கண்ட மதிப்பும் ஒத்திருந்தால் ஏலம் ஏறும், ஒவ்வாவிட்டால் இறங்கும்.

சங்குக்கும் இவ்வாறே ஒரு பரீட்சை இருந்தது. வங்காளத்தில் வளையல் அறுப்பதற்குப் போகும் சங்கு குறிப்பிட்ட பருமனுக்குக் குறைந்திருந்தால் பயன்படாது. துளையிட்ட பலகை ஒன்றினுள் சங்கை நுழைத்துப் பார்த்து, நுழைந்துவிட்ட சிறு சங்கை மறுபடியும் கடலிலேயே விட்டுவிடும் முறை வந்தது. பலகையின் துளை குளியாளுக்கும் அதிகாரிக்கும் ஒன்றுதான். அதனோடு வழக்காட இருவராலும் ஆகாது. முத்துக் குளிப்போ, 1928 க்குப் பின் நெடுங்காலம் நின்றுபோயிருந்து, 1955 இல் மீண்டும் தொடங்கி 1961 ஆம் ஆண்டோடு முடிவுற்றது. அதன் பிறகு இந்தக் கரையில் மாதிரி பார்க்கப்பட்டும் குளிப்பு நடத்தத் தக்க விளைச்சல் காணப்படவில்லை. சங்கு மட்டும் இன்றும் வருகிறது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். கொற்கையை வளர்த்த அதே தாமிரபரணியின் நீர்வீழ்ச்சியைக் கொண்டு 1944 இல் பாபநாசத்தில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது இந்தப் பகுதிக்கு ஒரு பெரிய திருப்பம். கடலோரத்தில் நிலக்கரியைக் கப்பலில் கொணர்ந்து எரிக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979 இல் எழுந்தது. 1992 க்குள் ஐந்து அலகுகளும் நிறைவேறின. ஒவ்வொன்றும் 210 மெகாவாட், ஆக 1050. இத்தகைய இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் 210 என்று பொறித்திருப்பதை எவரும் அப்படியே நம்பி ஏற்றுக்கொள்வதில்லை. முழுச் சுமையை ஏற்றி, மணிக்கணக்காக ஓட்டி, எரித்த நிலக்கரிக்கும் கிடைத்த மின்சாரத்துக்கும் கணக்குப் பார்த்த பின்னரே அதை ஒப்புக்கொள்வது மின்துறையின் நியதி. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும் ஒரு பிரமாணம் விதிக்கப்பட்டிருந்தது: 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்ந்த அழுத்த மின்சாரம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன. அரசாங்கம் முத்தை விற்கும்போதும் மின்சாரத்தை உண்டாக்கும்போதும் அளந்து பார்த்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

கணினியின் உள்ளே இருக்கும் மின்வழங்கியின் சரித்திரம் மிகக் குறுகியது. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கணினியின் சில்லுகளால் தாங்க முடியாது. அவற்றுக்கு 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய அளவில், ஸ்திரமான நேர்மின்சாரம் தேவை. பழைய ரேடியோப் பெட்டிகளில் இதற்காகக் கனத்த இரும்பு மின்மாற்றி ஒன்று இருந்தது. 1977 இல் வெளிவந்த ஆப்பிள் 2 என்னும் கணினிக்காக ராட் ஹோல்ட் என்பவர் வேறொரு முறையைக் கையாண்டார். வந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி (நம் 230 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 325 வோல்ட்), அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் சிறு மின்மாற்றியின் வழியே இறக்குவது அந்த முறை. அதை முதலில் கண்டறிந்தவர் அவர் அல்லர். வீட்டுக் கணினிக்கு ஏற்றதாக்கிய சிறப்பு அவருக்கு உண்டு. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் கணினியின் மின்வழங்கி 63.5 வாட்தான். 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற பொது அமைப்பை வகுத்தது. அதன் பிறகு எவர் செய்த பெட்டியும் எவர் செய்த கணினியிலும் பொருந்தலாயிற்று. மலிவான பெட்டி சந்தைக்கு வந்ததற்குக் காரணமும் அதுவே.

இங்கே ஒரு சரித்திரச் சிக்கல் நேர்ந்தது. ஆரம்பத்தில் கணினியின் மூளையாகிய சில்லு 5 வோல்ட் கம்பியிலிருந்தே தன் ஆகாரத்தைப் பெற்றது. அது பசி மிகுந்து 60 வாட், 70 வாட் என்று கேட்கத் தொடங்கிய காலத்தில், 5 வோல்ட்டில் 60 வாட் தருவதற்கு 12 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியரே போதும் என்ற எளிய கணக்கினால், 2000 ஆம் ஆண்டு வாக்கில் சில்லின் ஆகாரம் 12 வோல்ட் கம்பிக்கு மாற்றப்பட்டு, மஞ்சளும் கறுப்புமாக நான்கு கம்பிகள் கொண்ட தனி இணைப்பும் சேர்க்கப்பட்டது. நல்ல பெட்டிகள் இந்த மாற்றத்துக்கு ஏற்பத் தம் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டன. மலிவான பெட்டிகள் பலவற்றில் பழைய அமைப்பே தொடர்ந்தது. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கொழுத்த எண்களை எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டுவிடுவது வழக்கமாயிற்று.

திரேஸ்புரத்து அறையில் என் முன் இருந்த பெட்டியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம் பேரனுக்காக வாங்கிய கணினி, மூன்றாம் மாதத்திலிருந்து படிப்பின் நடுவே தானாக அணைந்து அணைந்து எரிந்தது. சில்லைக் குறை சொன்னார்கள். நினைவகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வீட்டு ஒயரிங்கைக் குறை சொன்னார்கள். அறையின் உரிமையாளர், இருபது ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவர், பெட்டியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருகுகளைக் கழற்றினார். கனத்தைக் கொண்டு தரம் சொல்லும் அந்தக் கைப்பழக்கத்தைக் கண்டதும் எனக்குப் பழைய குளியாட்களின் நினைவு வந்தது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும் என்பதால், அவர் அவற்றை முதலில் ஒரு பல்பின் வழியே வடியவிட்டார். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

திறந்ததும் கண்டவை இவை. மின்சாரம் நுழையும் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் சோக் வைப்பதற்காகப் பலகையில் இடம் அச்சிடப்பட்டிருந்தது. இடத்தில் பொருள் இல்லை, ஒரு துண்டுக் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. கெப்பாசிட்டர்களுக்கு விட்டிருந்த வட்டம் பெரிது, நின்றவை சிறியவை. திரான்சிஸ்டர்களின் வெப்பத்தை வாங்கும் அலுமினியத் தகடு சீப்பு அளவுக்கு மெலிந்திருந்தது. இவற்றோடு இந்த ஊர்க் காற்றின் கைங்கரியமும் சேர்ந்திருந்தது. விசிறி உள்ளே இழுத்த உப்பு ஈரத்தால் தகரம் துருவேறி, ஈயப்பற்றுகளின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. குளிர்ந்த அறையில் வைத்து அளக்கும் அளவுகள் தூத்துக்குடியின் வைகாசி மாதத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சோதனையின் சாதனங்கள் எளியவை. மல்டிமீட்டர் ஒன்று, கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர் ஒன்று, சுமைக்காக, பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்புகள் நான்கு. பெட்டியின் பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்தால், கணினி இல்லாமலே பெட்டி விழித்துக்கொள்ளும். சுமையே இல்லாதபோது அளந்தால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான், இதுவும் 12.1 வோல்ட் காட்டியது. கடைகளில் பெரும்பாலும் இவ்வளவோடு சோதனை முடிந்துவிடுகிறது. அதனால் என்ன தெரியும்? ஆளே ஏறாத வல்லம் மிதக்கிறது என்பது தெரியும், அவ்வளவே.

பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை ஒரே விழுங்காக விழுங்கும். ஆகையால் நான்கையும் ஒருசேரப் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட வேண்டும். அறையின் மற்ற விளக்குகளை அவர் அணைத்தார். அதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. முதல் பல்பு எரிந்தபோது 11.9. இரண்டாவதற்கு 11.6. மூன்றாவது எரிந்தபோது அந்தச் சிறிய அறை கண் கூசும்படி ஒளிர்ந்தது, மீட்டரோ 11.3 க்கு இறங்கியது. 12 வோல்ட்டுக்கு ஏ.டி.எக்ஸ். பிரமாணம் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம், 11.4 க்குக் கீழே போவது குற்றம். அதே வேளையில் 5 வோல்ட் கம்பியை அளந்தால் அது 5.3 க்கு ஏறியிருந்தது. அதன் எல்லையோ 5.25. பழைய அமைப்பில் இவ்விரண்டும் ஒரே கடிவாளத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒன்று சுமையால் தாழும்போது, அதை நிமிர்த்த முயலும் கட்டுப்பாடு மற்றதை அளவுக்கு மேல் தூக்கிவிடுகிறது. மாணவனின் கணினி ஏன் அணைந்து எரிந்தது என்பதற்கு அங்கேயே விடை கிடைத்தது. டாங் டெஸ்டரில் 13.2 ஆம்பியர், 11.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 149 வாட். நான்காவது பல்பைத் தொடுத்த கணத்தில் பெட்டி அணைந்து, அறை இருண்டது.

இருட்டில் அவர் சுவரிலிருந்த மின்கணக்கி மீட்டரைக் காட்டினார். அதன் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை சிமிட்டும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. மறுபடியும் மூன்று பல்புகளை ஏற்றி, சிமிட்டலை எண்ணச் சொன்னார். மற்ற விளக்குகளை அணைத்தது இதற்காகத்தான். 20 சிமிட்டலுக்கு 100 விநாடி பிடித்தது. கணக்கிட்டால் சுவரிலிருந்து 225 வாட் உள்ளே போகிறது. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய ஏறத்தாழ 75 வாட்டும் அந்தத் தகரத்துக்குள்ளேயே வெப்பமாகிறது. 2004 இல் அமெரிக்காவில் தோன்றிய 80 பிளஸ் என்ற முத்திரைத் திட்டம், ஐந்தில் ஒரு பங்குச் சுமையிலும் அரைச் சுமையிலும் முழுச் சுமையிலும் நூற்றுக்கு 80 பங்காவது வெளியே வர வேண்டும் என்று கேட்கிறது. விலையுயர்ந்த கருவிகள் ஏதுமின்றி, மீட்டரின் சிமிட்டலை எண்ணி இந்த முடிவுக்கு வந்த அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் தடைப்பட்டால் பெட்டி எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறது, நேர்மின்சாரத்தில் எவ்வளவு அலை கலந்திருக்கிறது என்பவற்றை அளக்க ஆசிலாஸ்கோப் வேண்டும். அது அவரிடம் இல்லை.

இதையெல்லாம் வாயிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்ன சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. “அண்ணாச்சி, மூடுன சிப்பியக் காசு குடுத்து வாங்குறது எங்க பாட்டன் காலத்துல இருந்தே உள்ளதுதான். ஆனா அப்பம் கவர்மெண்டு மாதிரி பாத்து, ஆயிரத்துக்கு இன்னதுன்னு சொல்லிட்டுத்தான ஏலம் உடுவாவ? இந்தப் பெட்டிக்கு யாரு மாதிரி பாக்கா?”

யார் பார்க்கிறார்கள்? 2012 ஆம் ஆண்டில் மைய அரசு பிறப்பித்த ஆணை ஒன்று 15 வகை மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. பின்னர் அந்தப் பட்டியல் நீண்டது. அது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி, இந்தப் பொருள் தீப்பிடிக்குமா, தொட்டால் தாக்குமா என்பது. 450 என்று எழுதியது 450 தருமா என்பது வேறு கேள்வி. வருமானத்துக்காகச் சிப்பியைச் சோதித்த அரசாங்கங்கள், விலையுயர்ந்த முத்தை வாங்கிய செல்வந்தனுக்குப் பிரமாணம் ஒன்றைக் கையில் கொடுத்தன. பேரன் படிக்க வேண்டும் என்று சங்கு குளித்த காசைக் கொண்டு தகரப் பெட்டி வாங்கியவருக்கு அதே பிரமாணத்தைக் கொடுக்க யாரும் இல்லை என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மலிவாகச் செய்வது குற்றமன்று. 150 வாட் தரும் பெட்டியை 150 என்று எழுதி விற்றால், அதற்கேற்ற எளிய கணினியில் அது பல்லாண்டு உழைக்கும்; வாங்குகிறவனும் அறிந்து வாங்குவான்.

பழுது பார்ப்பவரிடம் நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தம் கைக்கு வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதில் ஒரு வரி உண்டு: தேதி, மேலே அச்சிட்ட வாட், கனம் எத்தனை கிராம், ஒரு பல்பில் எவ்வளவு, இரண்டில் எவ்வளவு, மூன்றில் எவ்வளவு, நான்கில் நின்றதா அணைந்ததா, இருபது சிமிட்டலுக்கு எத்தனை விநாடி. வாங்க நினைப்பவர் எவர் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் அதைத் திறந்து காட்டுகிறார். அன்றிரவு பெரியவரின் பெட்டிக்கான வரியை அவர் எழுதி முடித்தபோது, பேரன் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தான். நான்கு பல்பிலும் அணையாமல் நின்ற ஒரு வரியைக் கண்டதும் நிறுத்தி, அதன் விலை என்ன என்று கேட்டான்.